ஒரே கண்மாய்க்கு மூன்று படங்கள்

எங்கள் அலுவலகத்தில் மேசைக் கணினிகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். வரைபடம் பார்க்க இனித் தனி மென்பொருள் வேண்டாம், உலாவியைத் திறந்தால் போதும், கைப்பேசியிலேயே கண்மாய் தெரியும் என்று சுகன்யா போனில் சொன்னாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். சொல்லிவிட்டு, "மேடம், அந்தக் காலத்துல மொத மொதல்ல சர்வரோட கனெக்‌ஷன் குடுத்தது நீங்களும் நூர்தீன் சாரும்தானாமே. அதைப் பத்தி எங்க சங்க மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றாள். அவள் அந்தக் காலம் என்றது ஏழெட்டு வருஷத்துக்கு முந்திய சமாச்சாரத்தை. அதிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு சரி என்றும் சொல்லிவிட்டேன்.

நான் அறந்தாங்கியில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் வரைவாளர் படிப்பு முடித்து, இலுப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தேன். பாசன உட்பிரிவு அலுவலகத்தில் வேலையும் அங்கேயே அமைந்தது. பணிக்காலத்தின் முதல் பாதி முழுக்கத் தாள்தான். டிரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடு இழுப்போம், தவறினால் பிளேடால் சுரண்டுவோம், அமோனியா வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நகல் எடுப்போம். பிறகு கணினி வந்தது. திருச்சிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து எங்கள் எல்லைக்குள் இருந்த கண்மாய்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் இறக்கினேன்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் வரைந்ததை யாராவது பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் தேவைக்கு அதில் ஒரு கோடு சேர்ப்பார்கள், ஒன்றை அழிப்பார்கள். அதை வேறொரு அலுவலகம் வாங்கிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் ஒரே கண்மாய் மூன்று கணினியில் மூன்று உருவத்தில் இருக்கும். கூட்டம் என்று கூடினால் முதல் ஒரு மணி நேரம் யார் படம் சரி என்பதிலேயே போகும். டீ வரும், கூட்டம் முடியும்.

நூர்தீன் சார் எங்களுக்கு உதவிச் செயற்பொறியாளராக வந்தது அந்தச் சமயத்தில்தான். கணினித் திரையை உட்கார்ந்து பார்க்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "போய்ப் பாத்தீங்களா?" என்பார். இல்லை என்றால், "வாங்க, போவோம்" என்று ஜீப்பை எடுக்கச் சொல்வார். வெயிலோ பசியோ அவருக்குக் கணக்கில்லை. ஆனால் திரும்புகிற வழியில் எந்த ஊரில் எந்தக் கடையில் வெங்காய போண்டா நன்றாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அன்னவாசல் பக்கம் களத்துக்குப் போவதென்றால் நாங்கள் யாரும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனதில்லை.

அவர் வந்த மறு வருஷம், தலைமை அலுவலகம் எல்லா மாவட்டப் படங்களையும் சென்னையில் ஒரே களஞ்சியமாகச் சேர்த்தது. இனிப் படம் உங்கள் கணினியில் இருக்காது, களஞ்சியத்தில் இருக்கும், உங்கள் மென்பொருள் இணையச் சேவை வழியாக அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். பேருந்து நிலையத்தில் விசாரணை சன்னல் இருக்கிறதே, அது மாதிரி என்று சொன்னேன். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. சன்னலில் கேட்கிற முறையில் கேட்டால் இன்றைய நிலவரத்தைச் சொல்வார்கள். நேற்று எழுதிக்கொண்டு போன நேரத்தை நம்பி நிற்க வேண்டாம்.

இணைப்புக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சேவையின் முகவரியை மென்பொருளில் தட்டி, கடவுச்சொல் கொடுத்து, எந்த அடுக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அடுக்கு என்றால் கண்மாய் ஒரு தாள், வாய்க்கால் ஒரு தாள், சாலை ஒரு தாள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் மாதிரி. நான் கண்மாய்த் தாளைக் கேட்டேன். அலுவலகமே என் பின்னால் நின்றது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றி முடிந்தது. இலுப்பூர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பிழை ஒன்றும் காட்டவில்லை. வந்துவிட்டது என்றுதான் மென்பொருள் சொன்னது. எங்கே வந்தது என்று தேடினேன். படத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன். தமிழ்நாடு தெரிந்தது, இந்தியா தெரிந்தது, ஆசியா தெரிந்தது. உலகம் முழுவதும் தெரிந்தபோது, உச்சியில், வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடல் ஓரமாக, எறும்புக் கூட்டம் மாதிரி நீலப் புள்ளிகள். பெரிதாக்கினேன். இலுப்பூர் கண்மாய். பக்கத்தில் அன்னவாசல் கண்மாய்கள். எல்லாம் படுத்துக் கிடந்தன.

நூர்தீன் சார் என் தோளுக்கு மேலே குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"தண்ணி உறைஞ்சு போயிருக்கும்" என்றார். "மதகைத் தொறக்க முடியாது."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடியில் இருந்த வேறு அலுவலகத்துக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ராத்திரி குவைத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "இங்க வெயில் மண்டையப் பொளக்குது. அந்தக் கண்மாயக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி விடு" என்றார்.

காரணம் சின்னதுதான். பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. எங்கள் பக்கம் அட்சரேகை பத்தைத் தாண்டியும் தீர்க்கரேகை எண்பதுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். களஞ்சியம் முதலில் அட்சரேகையைக் கொடுத்தது. எங்கள் மென்பொருள் அதைத் தீர்க்கரேகை என்று வாசித்துவிட்டது. எண்பதுக்குப் பக்கத்தில் அட்சரேகை என்றால் பனிக்கடல்தானே. சேவையில் பழைய பதிப்பு ஒன்று இருந்தது, அது எண்களை மாற்றி வைத்துக் கொடுக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் கண்மாய்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் போல நான் வேலையை ரசித்த வாரம் வேறில்லை. வீட்டில் மாவு அரைக்கும்போதும் அதே நினைப்பு.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அன்னவாசலுக்கு அப்பால் வேலங்கண்மாய் என்று ஒன்று. பல வருஷமாக முழுக்க நிறையாத கண்மாய். மழைத்தண்ணீரை அதற்குக் கொண்டுவரும் ஓடையை எங்கள் பக்கம் வரத்துவாரி என்போம். அந்த வாரி சீமைக் கருவேலத்தில் புதைந்து கிடந்தது. ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள், சேர்ந்து அதை வெட்டித் திறந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது அழகம்மாள். பாசன சங்கத் தலைவி. குரலை உயர்த்தாமலே பத்துப் பேரை வேலை வாங்கக்கூடிய பெண். வாரியைத் திறந்த கோடையில் நூர்தீன் சார் தம் வழக்கப்படி "வாங்க, போவோம்" என்றார். நானும் அவரும் இடங்காட்டும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாரியின் தலையிலிருந்து கண்மாய் வரை நடந்தோம். அதை நானே களஞ்சியத்தில் நீலக் கோடாக ஏற்றினேன்.

அடுத்த ஆவணியில் அழகம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நூர்தீன் சாரைப் பார்த்தே பேசினார்.

"சார், ரோட்ட அகலப்படுத்துறாங்க. மண்ணக் கொட்டி ஆளு ஒசரத்துக்கு ஒசத்துறாங்க. எங்க வாரி ரோட்டக் கடக்குற எடத்துல பாலமே இல்ல. என்னங்கன்னு கேட்டா, படத்துல வாரி இல்லையேம்மாங்கிறாங்க."

"எந்தப் படத்துல?" என்றார் சார்.

"அவுக கம்பியூட்டர்ல இருக்குற படத்துல. நான் காலால நடந்து வந்த வாரிங்க அது. ஐப்பசியில மழை எறங்குனா தண்ணி ரோட்டுல முட்டிக்கிட்டு, அங்கிட்டு இருக்க வீட்டுக்குள்ள போயிரும். கண்மாய்க்கு ஒரு சொட்டு வராது. நாங்க வெட்டுனதெல்லாம் வீணாப் போயிருங்க சார்."

விசாரித்தோம். சாலையை வடிவமைத்தது ஒரு தனியார் நிறுவனம். அவர்களிடம் இருந்தது எங்கள் படம்தான். ஆனால் நாங்கள் வாரியை நடந்து அளப்பதற்கு முன்னால் யாரோ யாருக்கோ கொடுத்த நகல். அந்த நகலில் வாரி இல்லை. வாரி இல்லாத இடத்தில் சிறுபாலம் எதற்கு? அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"புதுசா ஒரு காப்பி எடுத்துக் குடுத்துருவோம் சார். இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றேன்.

நூர்தீன் சார் தலையாட்டவில்லை. "குடுத்தா என்ன சொல்லுவாங்க? உங்க படத்துல இருக்கு, எங்க படத்துல இல்லைம்பாங்க. யாரு படம் சரின்னு கூட்டம் போடுவாங்க. அதுக்குள்ள மழை வந்துரும். தனலெட்சுமி, அவங்க மெஷின்ல, அவங்க சாப்ட்வேர்ல, களஞ்சியத்துல இருந்து நேரா அந்தக் கோடு வரணும். அப்ப அது யாரோட படமும் இல்ல. அது வாரி, அவ்வளவுதான்."

அவர்களுக்குப் பார்க்க மட்டுமான அனுமதி தர வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தினம் காலையில் போன் பண்ணி, அதே மரியாதையோடு, அதே கேள்வியைக் கேட்டார். அவர் குரல் ஒருநாளும் ஏறியதில்லை. எதிர்முனையில் இருந்தவர் அதற்காகவே சீக்கிரம் அனுமதி கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அனுமதி வந்த அன்றே ஜீப்பில் கிளம்பினோம். சாலையோரம் கன்டெய்னர் பெட்டியில்தான் அவர்கள் அலுவலகம். உள்ளே ஸ்டெல்லா என்ற வடிவமைப்புப் பொறியாளர் இருந்தார். ஆலங்குடிப் பக்கத்துப் பெண். எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மேடம், எங்களுக்குக் குடுத்த படத்த வச்சுத்தான் நாங்க வரைஞ்சோம்."

"தெரியும்மா" என்றேன். "ஒங்க சாப்ட்வேர்ல இருந்தே எங்க களஞ்சியத்தப் பாக்க முடியுமான்னு சேர்ந்து முயற்சி பண்ணுவோமான்னு கேக்கத்தான் வந்தோம்."

அவர் முதுகு கொஞ்சம் தளர்ந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவருடையது சாலை வரைகிற மென்பொருள். என்னுடையதிலிருந்து முற்றிலும் வேறு. அதில் வெளிச் சேவையோடு இணைக்கும் வசதி இருந்தது. "இந்த மெனுவ நான் தொறந்ததே இல்ல மேடம்" என்றார். களஞ்சியம் எப்படிப் பேசும் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மென்பொருள் எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். முகவரியைச் சொன்னேன், தட்டினார். அவர் மென்பொருள் எண்களை எந்த வரிசையில் வாசிக்கும் என்று முதலிலேயே கேட்டுப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஏன் என்றார். பனிக்கடல் கதையைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அலுவலகம் என்ற வேலி இல்லை.

இணைப்பு கிடைத்தது. வாரி அடுக்கைக் கேட்டோம். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே இணையம் என்பது ஸ்டெல்லாவின் கைப்பேசிதான், அதைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கணினி அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டோம். மறுபடியும் உறைந்தது. டீ வந்தது, ஆறியது. நூர்தீன் சார் வெளியே போய், கொட்டியிருந்த மண் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோலர் வண்டி ஒன்று வாரி இருக்கும் திசையை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

திடீரென்று ஸ்டெல்லா கேட்டார்: "மேடம், நாம எவ்வளவு கேக்குறோம்?"

"வாரி அடுக்கு."

"அந்த அடுக்குல எவ்வளவு இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மென்பொருள் திரையில் தெரியும் இடத்துக்கு மட்டும்தான் கேட்கும். அவருடையது அடுக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. மாநிலத்தில் உள்ள அத்தனை வாரியும் அந்தக் கைப்பேசி வழியாக வந்து இறங்க வேண்டும். டீக்கடையில் ஒரு டீ கேட்பதற்குப் பதில் கடையையே தூக்கிவரச் சொன்ன கதை.

"எங்க புராஜெக்டுக்கு நாலு மூலையும் குறிச்சு வச்சிருக்கோம்" என்றார் ஸ்டெல்லா. "அந்தக் கட்டத்துக்குள்ள இருக்குறத மட்டும் குடுன்னு கேட்டா குடுக்குமா?"

"குடுக்கும்மா. தாராளமாக் குடுக்கும்."

நான்கு மூலைகளின் எண்களைத் தட்டினார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் வரைந்த சிவப்புச் சாலையின் குறுக்கே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, வளைந்து நெளிந்து ஒரு நீலக் கோடு வந்து விழுந்தது. சாலையை அது வெட்டிய இடத்தில் மண் கரையைத் தவிர ஒன்றும் இல்லை.

ஸ்டெல்லா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்: "மேடம், இது நெசமாவே அங்க இருக்கா?"

எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாங்க, போவோம்" என்றார் நூர்தீன் சார்.

போனோம். அழகம்மாள் ஏற்கனவே வாரிக்குள் நின்றுகொண்டிருந்தார். வெட்டிச் சுத்தமாக்கிய வாரி, இடுப்பளவு ஆழம், அடியில் மணல். அது நேராக வந்து சாலையின் மண் கரையில் முட்டி நின்றது. ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். கரையை ஒரு முறை, வாரியை ஒரு முறை பார்த்தார்.

"படத்துல இப்ப வந்துருச்சாம்மா?" என்று கேட்டார் அழகம்மாள்.

"வந்துருச்சுங்கம்மா."

"அப்பப் பாலம் வருமா?"

ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை. "நான் வரைஞ்சிருவேங்க. ஆனா எங்க மேலாளர் ஒத்துக்கணும். அவரு சென்னையில இருக்காரு" என்றார். பிறகு ரோலர் ஓட்டுநரைக் கூப்பிட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகச் சொன்னார். அவர் பொறுப்பில் அவ்வளவுதான் செய்ய முடியும். அதை உடனே செய்தார்.

மறுநாள் அவருடைய மேலாளர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். சார் ஒலிபெருக்கியில் போட்டார். மேலாளர் கறாராகப் பேசினார். இப்படித் திடீரென்று ஒரு ஓடையைக் கொண்டுவந்தால் எப்படி, எங்கள் படத்தில் அது இல்லையே, எது சரி என்று கூட்டம் வைக்கலாம் என்றார்.

"வைக்கலாங்க சார்" என்றார் நூர்தீன் சார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒங்க பொறியாளர் தட்டுன அதே முகவரிய, அதே நாலு மூலைய ஒங்க மெஷின்ல தட்டிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் திரையில் நானும் அதே இடத்தைத் திறந்து வைத்திருந்தேன். கன்டெய்னரில் ஸ்டெல்லாவும் திறந்து வைத்திருப்பார் என்று தெரியும். இலுப்பூர், அன்னவாசல், சென்னை என்று மூன்று ஊர், மூன்று கணினி. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"வருது" என்றார் மேலாளர். கொஞ்ச நேரம் கழித்து, "சாலையக் கிராஸ் பண்ணுதே. யாரு அளந்தது இது?"

"நாங்க நடந்தோங்க."

"இதுக்கப்புறம் எதுக்குக் கூட்டம்?" என்றார் அவர். "ஸ்டெல்லாவ வரையச் சொல்றேன்."

போனை வைத்ததும் நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். சார் வெளியே போய், அலுவலகம் முழுவதற்கும் போண்டா சொல்லிவிட்டு வந்தார். பாலம் புரட்டாசியில் முடிந்தது. இரண்டு கண், அதாவது தண்ணீர் புகுந்து போக இரண்டு திறப்பு, வைத்த பாலம். ஒரு கண் போதாதா என்று கேட்டவர்களிடம் ஸ்டெல்லா, தண்ணீர் வரத்தைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்ததாகவும் இரண்டு வேண்டும் என்றும் சொல்லி நின்றுவிட்டார்.

அந்த வருஷம் மழை தாராளமாக இறங்கியது. ஒரு காலை, நான் அலுவலகத்துக்குள் குடையை மடக்கும்போதே போன் வந்தது. அழகம்மாள். பேசவில்லை. போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் விழுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னால் ஆட்கள் சத்தம். அப்புறம்தான் குரல் வந்தது.

"கேட்டுச்சா மேடம்? ரெண்டு கண்ணுலயும் போகுது. இப்படியே போனா நாளைக்குக் கலுங்கு தாண்டிரும். வாரீங்களா?"

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம். வேலங்கண்மாயில் அது வழிந்து பார்த்தவர்கள் ஊரில் சிலர்தான் இருந்தார்கள். "வாரேன்" என்றேன். நூர்தீன் சாரின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் ஜீப் சாவியை எடுத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் விட்டிருந்தது. ஊரே பாலத்தின் மேல் நின்றது. ஸ்டெல்லா துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அழகம்மாள் எல்லாருக்கும் தூக்குவாளியிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றினார். செம்மண் கலந்த தண்ணீர் இரண்டு கண்ணிலும் நுரைத்துக்கொண்டு புகுந்து அந்தப் பக்கம் கண்மாயை நோக்கி ஓடியது. நான் எத்தனையோ வாய்க்கால்களை வரைந்திருக்கிறேன். அதற்குள் தண்ணீர் வந்து சேருவதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

நூர்தீன் சார் கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டார். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர் பரந்து வேகம் குறைகிற ஓரத்தில் மெல்ல இறங்கி, கணுக்கால் நனைய நின்றார். வழக்கம்போலக் கை பின்னால் கட்டியிருந்தது. வெகு நேரம் குனிந்து பார்த்தார். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்க அவருக்கு அங்கே ஆள் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

"தனலெட்சுமி" என்றார். "கோடு நனைஞ்சிருச்சு."